புலியும் நின்ற மீனும்

(ஆரம்பாக்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழங்காசுகளைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். பேச வேண்டியதில் சரிபாதியை நேற்று மாலையே உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் பேசி முடித்துவிட்டார் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தச் சொற்பொழிவுக்கென்று எடுத்து வந்த படங்களில் ஒன்று, சோழர் வெள்ளிக்காசு ஒன்றைப் பன்மடங்கு பெரிதாக்கி வரைந்தது. கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த அவரிடம் அதைக் காட்டி, இது புலி, இது வில், இது மீன் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார்போல விரல் வைத்துச் சொல்லிக்கொண்டு போனேன். அவர் படத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "புலியைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க ஐயா. ஆனா இந்த மீன் நீந்துற மீன் இல்லே, தூக்கிப் பிடிச்ச மீன்" என்றார். காசு நூல்களில் எல்லாம் 'செங்குத்தாக நிற்கும் மீன்' என்று எழுதியிருப்பதைப் படித்துப் படித்து, நிற்கும் மீன் என்று உலகில் ஒன்று இருக்கமுடியுமா என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளாத எனக்கு, அந்த ஒரு வாக்கியம் இரவெல்லாம் மனத்தில் நின்றது. இன்று நான் சொல்லப்போவதெல்லாம் அதற்கு ஒரு விரிவுரை என்று வைத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொண்ட விஷயம், இயந்திரம் வருவதற்கு முன் சம்மட்டியால் அடித்து வார்ப்பித்த இடைக்கால வெள்ளிக்காசுகளும், அவற்றின் மேல் அச்சுவெட்டி பொறித்த உருவங்களும் ஆகும். 'அடித்து வார்ப்பித்த' என்று சொன்னது பிழை; வார்ப்பது வேறு, அடிப்பது வேறு. பழங்காசுகளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நம்மவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் வழக்கம் என் நாவிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்காக, அதைத் திருத்தாமல் அப்படியே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டிலே வெள்ளி விளைகின்ற சுரங்கம் என்று சொல்லத்தக்கது இல்லை. வெள்ளி நமக்குக் கப்பலில் வந்த சரக்கு. அல்லது படையெடுத்துப் போனவர்கள் கொண்டு வந்த கொள்ளை. தஞ்சைப் பெரியகோயில் சாசனங்களைப் படிப்பவர்கள், முதலாம் ராஜராஜன் அக்கோயிலுக்குக் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்களின் பட்டியலிலே, சேரனையும் பாண்டியர்களையும் மலைநாட்டில் வென்று கைக்கொண்ட பண்டாரத்திலிருந்து அவை செய்யப்பட்டன என்ற குறிப்பைக் காண்பார்கள். பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்ததும், மணிபதித்த நகைகளைத் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்லால் நிறுத்ததும் அதே சாசனங்களிலிருந்து நாம் அறிவனவே. கழஞ்சு ஒன்றுக்கு மஞ்சாடி இருபது, மஞ்சாடி ஒன்றுக்குக் குன்றி இரண்டு என்று இத்தனை நுணுக்கமாக நிறுத்துக் கணக்கெழுதிய ஒரு சமுதாயம், காசென்றும் மாடையென்றும் பொன்னென்றும் கோயில் சுவர்களில் ஓயாமல் எழுதி வைத்தது பெரும்பாலும் பொன்னைப் பற்றித்தான். 'அன்றாடு நற்காசு' என்று, அந்நாளில் செல்லுபடியாகும் நல்ல காசைக் குறிப்பிட்டுக் கேட்ட கோயில் சபைகள், வெள்ளிக்காசு இத்தனை என்று கணக்கிட்ட வரியைக் காண்பது அரிது.

அப்படியிருக்க வெள்ளிக்காசை அடித்தது எதற்காக? யாருக்காக? இக்கேள்விக்கு விடை அக்காசின் உருவ அமைதியிலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதைக் காண்பதற்கு முன், காசு எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

காசடிக்கும் இடத்துக்குத் தமிழிலே அக்கசாலை என்றும் கம்மட்டம் என்றும் பெயர். பிற்காலத்துத் தங்கசாலை என்ற பெயரைச் சென்னையில் ஒரு தெரு இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. காசின் மாற்றையும் நிறையையும் சோதிப்பவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர்களில் சிலர் இத்தொழிற்பெயரோடே நமக்கு அறிமுகமாகிறார்கள் என்பதிலிருந்து, அத்தொழிலுக்கு இருந்த பழமையும் கௌரவமும் விளங்கும். உலையிலே துருத்தி ஊத, மூசையிலே வெள்ளி உருகும். தனி வெள்ளி மிருதுவானது. ஆகவே செம்பு சேரும். எவ்வளவு சேரவேண்டும் என்பது அரசனுடைய நாணயத்தைப் பொறுத்தது. நாணயம் என்ற ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் குறிக்கிற மொழியிலே இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. உருகியதைச் சிறு கட்டிகளாக்கி, தட்டி, வில்லையாக்கி, நிறுத்து, எடை மிஞ்சினால் ஓரத்தைச் சீவி, மறுபடியும் நெருப்பில் காட்டி இளக்குவார்கள். அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். இறுகிய வெள்ளியின்மேல் அச்சு பதியாது, பதிந்தாலும் ஓரம் வெடிக்கும். ஆகையால் நெருப்பிலே இளக்காமல் சம்மட்டியை ஓங்கக்கூடாது.

அச்சுகள் இரண்டு. ஒன்று பட்டடையிலே அசையாமல் பதிக்கப்பட்டிருக்கும். மற்றொன்றைக் கையிலே பிடித்து வில்லையின்மேல் வைப்பார்கள். அதன் தலையிலே சம்மட்டி விழும். ஒரே அடி. அந்த அடியிலே காசின் இரண்டு முகங்களும் ஒருசேரப் பிறந்துவிடுகின்றன. கை சற்று நழுவினால் உருவம் ஒருபக்கமாக ஒதுங்கிவிடும், வில்லை துள்ளி மறுபடியும் அடிபட்டால் புலிக்கு இரண்டு முதுகு உண்டாகிவிடும். சம்மட்டியின் அடியை நேரே வாங்குகிற மேலச்சு சீக்கிரம் தேய்ந்து உடையும். பட்டடையிலே கிடக்கும் கீழச்சு நீண்டநாள் உழைக்கும். ஒரே கீழச்சில் பிறந்த காசுகளின் மறுபுறத்திலே பல மேலச்சுகளின் சுவடுகள் காணப்படுவதற்கு இதுவே காரணம். அந்தச் சுவடுகளை ஒன்றோடொன்று இணைத்தே எந்தக் காசு முந்தியது, எது பிந்தியது என்று ஆராய்ச்சியாளர்கள் வரிசைப்படுத்துகிறார்கள்.

இவ்விதமாகப் பிறக்கிற காசுக்கு ஒரு தலைவிதி உண்டு. வில்லை வட்டமாயிராது, அச்சின் நடுவும் வில்லையின் நடுவும் ஒத்துவராது, பல சமயம் அச்சே வில்லையைவிடப் பெரியதாயிருக்கும். ஆகவே அச்சிலே வெட்டியது முழுவதையும் எந்த ஒரு காசும் தன்மேல் ஏந்துவதில்லை. ஒன்றிலே தலை, ஒன்றிலே வால், ஒன்றிலே பெயரின் முற்பாதி, மற்றொன்றிலே பிற்பாதி. பத்துக் காசுகளைப் பரப்பிவைத்துப் பார்த்தால்தான் அச்சுவெட்டி உண்மையில் என்ன வெட்டினான் என்று தெரியவரும். இதை அவன் அறியாதவனா? நன்றாக அறிவான். ஓரம் போய்விடும் என்று தெரிந்துகொண்டே வெட்டுகிறவன், போனாலும் பாதகமில்லை என்பதை ஓரத்திலும், எக்காரணத்தாலும் போகவே கூடாது என்பதை நடுவிலும் வைப்பான். ஆகையால் சம்மட்டிக் காசைக் கையிலெடுப்பவர்கள், 'இதன்மேல் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்பதற்கு முன், 'இதன் நடுவிலே எதை வைத்தான்?' என்று கேட்பதே முறை.

தூரதேசங்களிலும் இதே சங்கடம், இதே சாமர்த்தியம். இங்கிலாந்திலே வெள்ளிக் காசின் ஓரத்தைக் கத்தரித்துத் திருடும் வழக்கம் பெருகவே, மூன்றாம் ஹென்றியின் காலத்தில், 1247ஆம் ஆண்டு, காசின் மறுபுறத்துச் சிலுவையின் கைகளை விளிம்பு வரைக்கும் நீட்டிவிட்டார்கள். கை குறைந்த சிலுவையைக் கண்டால் காசு களவு போயிருக்கிறதென்று எழுத்தறியாதவனும் கண்டுகொள்வான் அல்லவா? மேற்கிந்தியாவிலே கதையா என்று பெயர்பெற்ற காசுகளில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. பாரசீக சாஸானிய அரசனுடைய முகத்தையும் அக்கினி குண்டத்தையும் பார்த்து வெட்டிய அச்சைப் பார்த்து இன்னொருவன் வெட்ட, அதைப் பார்த்து மற்றொருவன் வெட்ட, தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்துகொண்டே வந்து, முடிவில் அரசனுடைய முகம் சில கோடுகளும் புள்ளிகளுமாகிவிட்டது. ஆயினும் காசு செல்லுபடியாயிற்று. ரஷ்ய தேசத்திலே வெள்ளிக் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கித் தட்டையாக்கி, ஈட்டியேந்திய குதிரைவீரனுடைய உருவத்தை அடித்தார்கள். வில்லை மிகவும் சிறியதாகையால் குதிரையின் தலை இருந்தால் கால் இராது. அந்தக் காசுகளுக்கு அந்நாட்டில் வழங்கும் செல்லப் பெயர் செதில் என்பது. இந்த ஊரில் அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

இப்பொழுது நம் சோழர்களிடத்துக்கு வருவோம்.

உத்தம சோழனுடைய காசு ஒன்றை, 1886ஆம் ஆண்டு வெளிவந்த தம்முடைய தென்னிந்தியக் காசுகள் நூலிலே வால்டர் எலியட் படமாகக் கொடுத்திருக்கிறார். அது பொற்காசு, ஆனாலும் பின்னால் வந்த சோழர் புலிக்காசுகளுக்கெல்லாம் தாயான உருவம் அதிலேயே அமைந்துவிட்டது. நடுவே உட்கார்ந்திருக்கும் புலி, அதன் எதிரே மீன், சுற்றிலும் கிரந்த எழுத்தில் அரசன் பெயர். 985இல் பட்டமேறிய ராஜராஜன் காலத்திலும், அவன் மகன் ராஜேந்திரன் காலத்திலும் இவ்வுருவம் நிறைவு பெறுகிறது. புலி, மீன்கள், வில் என்று மூவேந்தர் சின்னமும் ஒரே தளத்தில் அமர, தேவநாகரி எழுத்திலே 'ஸ்ரீ ராஜேந்திர' என்றோ 'கங்கைகொண்ட சோழ' என்றோ பெயர் காணப்படுகிறது. ராஜேந்திரனுடைய வெள்ளிக்காசுகள் பலவற்றில் வெள்ளியைவிடக் கலப்பே கண்ணுக்குத் தெரிகிறது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. கங்கையைக் கொண்டவனுடைய காசிலே வெள்ளி குறைந்தது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

இவ்வுருவத்தைக் காசளவில் மட்டும் பார்த்தால் கண் வலிக்கும். பெரிதாகப் பார்க்க விரும்புவோர்க்கு வெகுதூரம் போகவேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டிலே கிடைத்து, இப்போது சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்துள்ள ராஜேந்திரனுடைய செப்பேடுகள் முப்பத்தொன்றையும் கோத்த வளையத்தின் முத்திரையைப் பார்த்தால் போதும். குடை மேலே, இருபுறமும் சாமரம், உட்கார்ந்த புலி, அதன் எதிரே இரண்டு மீன்கள், கீழே வில், இருமருங்கும் விளக்கு. காசிலே எளிதில் அடங்காத குடையும் சாமரமும் விளக்கும் முத்திரையிலே சாவகாசமாக இடம் பெறுகின்றன. காசு வெட்டுகிறவனுக்கு அந்தச் சாவகாசம் இல்லை. அவன் கையிலே கட்டைவிரல் நகத்தளவு இடமும், நழுவுகிற சம்மட்டியும் மட்டுமே இருக்கின்றன. அவன் எதைக் கழித்தான், எதை வைத்துக்கொண்டான்? குடையையும் விளக்கையும் சாமரத்தையும் குறைத்தான், பெயருடைய எழுத்துக்களைக்கூடப் போகிற போக்கில் போகட்டும் என்று விட்டான். புலியை விடவில்லை, மீனை விடவில்லை. வென்றவனும் வெல்லப்பட்டவனும் நேருக்கு நேர் இருக்கவேண்டும் என்பதிலே அவன் உறுதியாக இருந்திருக்கிறான்.

இங்கேதான் ஏரிக்கரைப் பெரியவருடைய வாக்கியம் எனக்குக் கைகொடுக்கிறது. மீன் நிற்பதில்லை. தண்ணீரிலே கிடைமட்டமாக நீந்தும். தரையிலே பக்கவாட்டில் துடிக்கும். செங்குத்தாக இருக்கவேண்டுமானால் ஒரு கை அதைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். அரசனுக்கு முன்னே தூக்கிக் காட்டப்படும் மீன், பிடிபட்ட மீன். இதைச் சொன்னவுடனே எனக்கு நானே ஒரு தடை எழுப்பிக்கொள்ள வேண்டியவனாகிறேன்: பாண்டியர்களே தங்கள் இணைக்கயலை, நடுவிலே செண்டு ஒன்றை வைத்து, செங்குத்தாக நிறுத்தியதுண்டு; தோற்றவன் சின்னமாகத் தன்னையே ஒருவன் காட்டிக்கொள்வானா? காட்டிக்கொள்ளான். நீள்சதுரமான உருவத்தை நிறுத்தி வைத்தால் இடம் குறையும் என்பதற்காகவும் அச்சுவெட்டிகள் அப்படிச் செய்திருக்கலாம். ஆகவே அச்சுவெட்டியின் உள்ளக்கிடக்கை இதுதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆயினும், பாண்டியன் தன் வீட்டிலே நிறுத்திய இணைக்கயல் வேறு, புலியின் முகத்துக்கு எதிரே நிறுத்தப்பட்ட கயல் வேறு. உருவம் ஒன்றாயிருந்தும், பக்கத்திலே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதனாலே பொருள் மாறிப்போகிறது. அக்காசை முதன்முதலாகக் கையில் வாங்கிய பாண்டிநாட்டுக் கடற்கரைப் பரதவன் ஒருவனுக்கு, நேற்று உங்கள் பெரியவருக்குத் தோன்றியதே தோன்றியிராது என்று சொல்ல எவரால் முடியும்?

அந்தப் பரதவனுக்கு நாகரி எழுத்துத் தெரியாது. தமிழகத்தில் மிகப் பலருக்குத் தெரியாது. தமிழிலே மெய்க்கீர்த்தி பாடச் செய்து ஊர்தோறும் கல்லிலே வெட்டுவித்த ராஜராஜன், காசிலே மட்டும் நாகரியைக் கையாண்டது ஏன் என்று அறிஞர்கள் பலவிதமாகக் காரணம் கூறுவர். அது தமிழகத்துக்கு வெளியே வடதேசத்திலும் ஈழத்திலும் கடலுக்கப்பாலும் செல்லவேண்டிய காசு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உள்ளே நெல்லும் பொன்னும் போதும். வெளியே போகவேண்டியதற்கே வெள்ளி. எழுத்து அக்கரையிலுள்ள வணிகனுக்கு; புலியும் மீனும் இக்கரையிலுள்ள நமக்கு. தூரத்தில் வரும் படகை அதன் பாயிலிருக்கும் ஒட்டைக் கண்டே இன்னாருடையது என்று சொல்லிவிடுகிற நீங்கள், எழுத்தைப் படிக்காமலே அரசனை அடையாளம் கண்டுகொண்ட அந்நாளையவர்களைப் பற்றி என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

ராஜராஜன் வெளியிட்ட வேறொரு வகைக் காசிலே புலியும் இல்லை, மீனும் இல்லை. ஒருபுறம் நின்ற மனிதன். மறுபுறம் அமர்ந்த மனிதன், அவன் கைக்குக் கீழே மூன்று வரியில் நாகரியிலே 'ஸ்ரீ ராஜராஜ' என்ற பெயர். செம்பிலே இது ஏராளம். ஈழத்திலே வழங்கிய கஹவணு என்னும் பொற்காசின் உருவமே இது என்பது பெரும்பாலோர் முடிவு. அத்தீவின் காசுகளைப் பற்றி 1924இல் காட்ரிங்டன் எழுதிய நூலில் இவ்வரிசை முழுவதையும் காணலாம். வென்ற நாட்டிலே தன் புலியைத் திணிக்காமல், அங்குள்ளோர் கண்ணுக்குப் பழகிய உருவத்தையே எடுத்து அதிலே தன் பெயரை நுழைத்த இந்த விவேகம், ராஜராஜனுடைய போர்வெற்றிகளைக் காட்டிலும் என்னைக் கவர்வது. அதன் பயன் அவன் எதிர்பார்த்ததற்கும் மேலாகவே விளைந்தது. சோழர் அத்தீவை விட்டகன்ற பின்பும் பராக்கிரமபாகு, லீலாவதி என்னும் அரசி முதலிய சிங்கள மன்னர்கள் அதே நின்ற மனிதனையும் அமர்ந்த மனிதனையுமே தங்கள் செப்புக்காசுகளில் பொறித்துக்கொண்டார்கள்.

ஈழத்தைப் பற்றிச் சொல்லும்போது, காலத்தால் பிந்தியதாயினும் ஒரு வெள்ளிக்காசை உங்களுக்கு அறிமுகம் செய்யாமல் விடுவது அநியாயமாகும். பாரசீக வளைகுடாப் பக்கத்து லார் என்னும் ஊரின் பெயரால் லாரின் என்று வழங்கிய அது, வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து, அதன்மேல் அச்சை அடித்தது, வட்டமே இல்லை. ஈழத்துக்கு வந்தபோது அங்குள்ளோர் அதைத் தூண்டில்முள்போல வளைத்துக்கொண்டார்கள். சிங்களத்திலே அதற்குக் கொக்கி வெள்ளி என்றே பெயர். கண்டி ராஜ்யத்திலே பல்லாண்டு சிறைப்பட்டிருந்து தப்பிய ராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலிலே, இக்காசை அரசன் அனுமதியோடு எவரும் செய்துகொள்ளலாம், விரும்பிய முத்திரையை அடித்துக்கொள்ளலாம், ஆனால் வெள்ளி மட்டும் தூயதாயிருக்கும் என்று வியந்து எழுதுகிறார். உருவத்திலே அவரவர் இஷ்டம், உலோகத்திலே கண்டிப்பு. கங்கைகொண்டவனுடைய காசிலே நாம் கண்டது இதன் தலைகீழ் அல்லவா?

உங்கள் எல்லைப்புறத்துக்கு வருகிறேன். ஆரம்பாக்கத்திலே தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகின்றன. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் மிச்சம் நம்மிடத்திலும் கிடக்கிறது. எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பும் இதே நிலைதான். நெல்லூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட தெலுங்குச் சோடர்களின் காசு, காஞ்சிபுரம் வரையில் கண்டகோபாலன் மாடை என்றும் நெல்லூர் மாடை என்றும் சாசனங்களில் வழங்கிற்று. நெல்லூர்ப் பக்கத்துப் புதையலொன்றில் கிடைத்த மெல்லிய பொற்காசுகளிலே, நடுவே புலியும் வில்லும் இருக்க, ஓரத்திலே தமிழ் எழுத்துக்களாக 'சுங்' என்றிருக்கிறது. அவ்வளவுதான், இடம் முடிந்துபோயிற்று. சுங்கந்தவிர்த்த சோழன் என்று பெயர்பெற்ற முதலாம் குலோத்துங்கனுடைய பெயரின் தலையெழுத்தே அது என்பர் அறிஞர். பொன்னாயினும் வெள்ளியாயினும் சம்மட்டிக் காசின் நியாயம் ஒன்றுதான்: சுங்கத்தை ஒழித்த பேரரசனுடைய பெயரே ஓரத்தில் ஒழிந்துபோயிருக்க, புலி நடுவிலே சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறது.

விஜயநகரத்தார் வெள்ளியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1443இல் அங்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், பணம் என்னும் சிறு பொற்காசின் ஆறிலொரு பங்காகத் தார் என்னும் வெள்ளிக்காசு வழங்கியதைக் குறிப்பிடுகிறார். கோழிக்கோட்டிலும் அதே பெயரில் ஒரு வெள்ளிப்பொடி வழங்கிற்று. சீனக் கப்பல்களோடு வந்த மா ஹுவான் அதைப் பார்த்திருக்கிறார். மிகவும் நுண்ணிய அவற்றில் உருவ அமைதியைத் தேடுவது, நெத்திலியிலே முள்ளெடுக்கிற வேலை.

இந்த ஏரியின் தென்கோடியிலே பழவேற்காடு இருக்கிறது. 1613இல் அங்கே கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டிக்கொண்ட டச்சுக்காரர்கள், அக்கோட்டைக்குள்ளேயே தங்கசாலையும் நடத்தினார்கள். செப்புக்காசுகளிலே தங்கள் வணிகக் கழகத்தின் மூன்றெழுத்துக்களையும் ஒன்றோடொன்று பிணைத்து அடித்தார்கள். ஆனால் அவர்களுடைய கப்பல்கள் பழவேற்காட்டுத் துணிகளை வாங்குவதற்காகச் சுமந்து வந்தவற்றுள் முக்கியமானது வெள்ளி. ஜப்பானிய வெள்ளி வந்தது. அதைவிட வேடிக்கையாக, மெக்ஸிகோவிலும் பொத்தோசி மலையிலும் அடித்த ஸ்பானிய வெள்ளிக்காசும் உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காசைப் பார்த்தவர்கள் அதைக் காசென்றே நம்பமாட்டார்கள். வெள்ளிப் பாளத்தை நறுக்கி, எடைக்குச் சரியாகும்வரை மூலைகளைக் கத்தரித்து, அவசரமாகச் சம்மட்டியால் ஒரு போடு போட்டது. சிலுவையின் ஒரு கை தெரியும். அரசமுத்திரையின் ஒரு மூலை தெரியும். பொன்னிலேயே கணக்குப் பார்த்துப் பழகிய இந்தச் சோழமண்டலக் கரை அதன் முகத்தைப் பார்க்கவில்லை. தராசில் வைத்து எடையைப் பார்த்து, பொன் வராகனாக மாற்றிக்கொண்டது. ராஜராஜன் காலத்தில் எப்படியோ அப்படியே, வெள்ளி இக்கரைக்குக் கப்பல் சரக்காகத்தான் இருந்தது.

வெள்ளி நம் மக்களுடைய மடியிலே அன்றாடக் காசாகக் குடியேறியது ஆர்க்காட்டு ரூபாயோடுதான். அதை அடிக்கும் உரிமையைப் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் 1736இலும், சென்னை ஆங்கிலேயர் 1742இலும் பெற்றார்கள். பாதுஷாவின் பெயர், ஆட்சியாண்டு, ஊர்ப்பெயர் எல்லாம் பாரசீக எழுத்தில். அச்சு பெரிது, வில்லை சிறிது. எந்த ரூபாயிலும் வாசகம் முழுவதும் விழாது. ஆகவே அடிக்கிறவர்கள் ஆளுக்கொரு சிறு அடையாளத்தை நுழைத்தார்கள்: சென்னைக்குத் தாமரை, கல்கத்தாவுக்கு ரோஜா, புதுச்சேரிக்குப் பிறை. பாரசீகம் அறியாத சந்தைக்காரி அந்தப் பூவைப் பார்த்தே எந்த ஊர் ரூபாய் என்று கண்டுகொண்டாள். புலி போய்ப் பூ வந்தது. பார்த்த கண் அதே கண்தான். 1807இல் சென்னையில் இயந்திரம் வந்து, விளிம்பு வட்டமான, எழுத்து முழுதும் விழுந்த காசுகளைத் தள்ளத் தொடங்கியபின், பத்துக் காசைப் பரப்பி ஒரு வாசகத்தைப் படிக்கும் வேலை ஒழிந்தது. காசைப் பார்க்கும் வழக்கமும் மெல்ல ஒழிந்தது என்று நான் எண்ணுகிறேன். இன்று உங்கள் சட்டைப்பையில் கிடக்கும் ரூபாயின் மறுபுறத்தில் என்ன இருக்கிறதென்று பார்க்காமலே சொல்லக்கூடியவர் இவ்வவையில் எத்தனை பேர்?

இத்தனை வெள்ளியும் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். உங்கள் வீடுகளுக்குத்தான் போயிற்று. குழந்தையின் இடுப்பிலே அரைஞாணாகவும், காலிலே தண்டையாகவும், கொலுசாகவும், மெட்டியாகவும் மாறிப்போயிற்று. வெள்ளிக்காசை உருக்கிக் குழந்தைக்குக் கொலுசு செய்வதை நான் குறை கூறமாட்டேன். என் காலிலும் ஒரு காலத்தில் அப்படியொன்று கிடந்ததாக என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்த அரசனுடைய காசோ, யார் கண்டார்?

ஆனால் இனிமேல் அகப்படுவதைப் பற்றி ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். கிணறு வெட்டும்போதோ, உப்பளத்திலே வரப்புப் போடும்போதோ, முகத்துவாரத்தில் வலையோடு சேற்றை வாரும்போதோ, கறுத்துப்போன உலோகத் துணுக்கு ஒன்று உங்கள் கைக்கு வரலாம். அதைப் புளியிட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் பளபளப்பு வரும், புலி போய்விடும். ஒன்றாகக் கிடைத்தவற்றைப் பங்கிட்டுப் பிரிக்காதீர்கள்; பத்தும் சேர்ந்திருந்தால்தான் ஒரு வாசகம் ஆகும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளதைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். சர்க்கார் பறித்துக்கொள்ளும் என்று பயப்படுகிறவர்களுக்கு அச்சட்டத்திலேயே சமாதானம் இருக்கிறது: உரியவர் எவரும் இல்லையென்று தீர்ந்து, நிலத்துக்காரர் உரிமை கோரினாலும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு, சர்க்காரே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். தாசில்தாரிடம் போவதற்குத் தயங்கினால், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியரிடமாவது முதலில் காட்டுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்துவிடச் சொல்லுங்கள். அதில் மீன் இருந்தால், கிடந்த மீனா, நின்ற மீனா என்பதையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.